பத்து வண்டி இருந்தால் பரவாயில்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து மேலே ஏறினால் கரியாலூர். கல்வராயன் மலையில், ஏரி, படகு, பூங்கா என்று டூரிஸ்ட்டுகளுக்காகக் கொஞ்சம் பவுடர் பூசி வைத்திருக்கும் ஊர். நான் பார்க்கப் போனது ஏரியை அல்ல. பலா மரத்துக் கிளையிலிருந்து சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ஒரு கியர்பாக்ஸை!

வண்டி 2004 மாடல் டீசல் பிக்கப். சொந்தக்காரர் மலையாளிப் பழங்குடிக்காரர், ஐம்பதைத் தொடுகிற வயசு. பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும். மரத்தடியில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பேரிங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்பானர் எடுத்துக் கொடுக்க பத்தாவது படிக்கும் மகன். கமான் பட்டை அவரே மாற்றியது. பிரேக் ஷூ அவரே போட்டது. தொட்டிக்கு அடியில் துரு தின்ற இடத்தில் தகடு வெட்டி வைத்து வெல்டிங். மழைக்கு பைப் வளைத்துக் கூண்டு. மண் ரோட்டில் டீசல் டேங்க் அடி வாங்காமல் இருக்க, கீழே இரும்புத் தகடு கவசம்.

"எங்க அண்ணே கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துக்கறது சார்? வழியில நின்னுடுச்சின்னா எவன் வருவான்? கீழருந்து மெக்கானிக்க இட்டாரதுக்கே ஒரு நாள் கூலி போயிடும். நின்னு நின்னு வந்துச்சி."

மரவள்ளிக் கிழங்கு இறங்குவது இந்த வண்டியில். கடுக்காய், புளி இறங்குவது இதில். அரிசி மூட்டை, சிமென்ட் மூட்டை ஏறுவது இதில். ராத்திரி பிரசவ வலி வந்த பெண்ணும் இதில்தான் இறங்கியிருக்கிறாள்.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குத் தேய்மானம் என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் 30 சதவிகிதம் கழிக்கலாம். ஐந்து லட்ச ரூபாய் வண்டி பத்து வருஷத்தில் ஏட்டில் 14,124 ரூபாய் ஆகிவிடும். வாத்தியார் அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டார். அந்த 14,124 ரூபாய் வண்டி அதற்கப்புறமும் பத்து வருஷம் ஒரு டன் கிழங்கை மலையிலிருந்து இறக்குகிறதே, அது எந்த ஏட்டில் வரும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி முதலில் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புக்கில் இருப்பதற்கும் வித்தியாசம் வரும்படி சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 182ஏ பிரிவை மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாத மாற்றம் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும்! கூண்டு ஒன்று, கூடுதல் பட்டை ஒன்று, கவசம் ஒன்று என்று ஒரு கண்டிப்பான பிரேக் இன்ஸ்பெக்டர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் நம் ஆளின் கதி என்ன? இப்போது புரிகிறதா, பெயர் ஏன் வேண்டாம் என்று?

இதே பிரிவு 52க்குள் இன்னொரு வாசகம் இருக்கிறது. அதை யாரும் மேடையில் படிப்பதில்லை. வண்டியின் எஞ்சினை மாற்ற, அதே கம்பெனி, அதே ரக எஞ்சினாக இருந்தாலும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆனால் பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அந்த அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு அதிகாரம் கொடுக்கலாம். பத்து லாரி வைத்திருக்கும் முதலாளியின் ஷெட்டில் நடந்தால் அது பராமரிப்பு. ஒரு பிக்கப் வைத்திருப்பவரின் பலா மரத்தடியில் நடந்தால் அது குற்றம். இரண்டு இடத்திலும் எஞ்சின் ஒன்றுதான். ஸ்பானர் அளவும் ஒன்றுதான்.

'அதற்காக ஆளாளுக்கு வண்டியை வெட்டி ஒட்டிக்கொண்டு திரியலாமா?' என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். நானும் அவரிடம் சண்டை போட்டேன்.

காரணம், அந்தத் தொட்டிக்குள் இரண்டு பக்கமும் மாட்டியிருந்த பலகைகள். ஆட்கள் உட்கார. சந்தைக்குப் போக, கோயிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக. 2022 ஏப்ரல் 2 உங்களுக்கு ஞாபகம் இருக்காது. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில், புதூர்நாடு பக்கம் சேம்பறை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன சரக்கு வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது கொலைக்குச் சமம். இதில் எனக்கு எந்தத் தயவு தாட்சண்யமும் கிடையாது.

கூடுதல் பட்டையும் அப்படித்தான். பட்டையைக் கூட்டினால் பின்பக்கம் தாழாது. பாரம் தாங்குகிற மாதிரி தெரியும். ஆனால் பிரேக் டிரம் அதே சைஸ்தானே? சேஸிஸ் அதேதானே? இறக்கத்தில் டிரம் சூடேறினால் பெடல் கால்வரை இறங்கும், வண்டி நிற்காது. இதையும் சொன்னேன். 'நான் ரெண்டாவது கியருல தான் சார் எறக்கறேன்' என்றார். அது அவர் சாமர்த்தியம். நாளைக்கு அவர் மகன் ஓட்டுவான்.

பலகைக்கு அவர் சொன்ன பதில்தான் என்னை வாயடைக்க வைத்தது.

"நீங்க பஸ்ஸ வரச் சொல்லுங்க சார். அன்னிக்கே பலகைய அவுத்துடறேன்."

1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. இருந்தும், 2024 ஜூனில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் இந்த மலை எல்லோர் கண்ணிலும் பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு எங்கே, பஸ் எங்கே என்று அரசைக் கேட்டது. ஒரு மலைக்கு பஸ் விடுவதற்கு நீதிபதிகள் கேட்க வேண்டியிருக்கிறது. பஸ் ஏன் வரவில்லை என்பதற்கு யாருக்காவது மாற்றத்துக்கு 5,000 வீதம் அபராதம் உண்டா?

அடுத்து, வயசு. 15 வருஷம் ஆன வண்டி என்றாலே நம் அரசாங்கங்களுக்கு முகம் சுளிக்கிறது. 2022 ஏப்ரலில் 15 வயசு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600லிருந்து 5,000 ஆக்கினார்கள். 2025 நவம்பரில் எஃப்.சி. கட்டணத்தை வயசு வாரியாக ஏற்றி அறிவித்தார்கள். 20 வயசு தாண்டிய இலகு ரக வாகனத்துக்கு 15,000 ரூபாய். டெல்லியிலோ பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று தீர்ப்பாயம் 2015லும் உச்ச நீதிமன்றம் 2018லும் சொன்னதை வைத்து, 2025 ஜூலை 1 முதல் பங்க்கில் எண்ணெய் ஊற்றாதே என்றார்கள். ஜனங்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

டெல்லியின் காற்று வேறு கதை. அங்கே மூச்சு விடவே முடியவில்லை. ஆனால் அளக்க வேண்டியது புகையையா, பிறந்த தேதியையா? ஒழுங்காக நாசில் சுத்தம் செய்து ஓட்டுகிற இருபது வருஷ வண்டியும் உண்டு. மூன்றே வருஷத்தில் கரியைக் கக்குகிற வண்டியும் உண்டு. புகையை அளக்க மெஷின் இருக்கிறது, பிரேக்கை அளக்க மெஷின் இருக்கிறது. கட்டணத்தை மட்டும் காலண்டரைப் பார்த்துப் போடுவது என்ன நியாயம்? பழசை உடைத்துப் புதுசு செய்தால் பூமி குளிர்ந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு டன் இரும்பு செய்வதற்கே சுமார் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. புது வண்டி ஷோரூமுக்கு வருவதற்கு முன்பே விட்ட புகை அது.

சரி, கடன் வாங்கிப் புதுசே வாங்குகிறார் என்று வையுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பி.எஸ். 6. புகை குறைவு, நல்ல விஷயம். ஆனால் உள்ளே எல்லாம் சென்ஸார். 2004 வண்டியில் பம்ப், நாசில், டீசல் வருகிறதா இல்லையா, இவ்வளவுதான் வைத்தியம். புதுசில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது ஏன் எரிகிறது என்று கேட்டுச் சொல்ல ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கும். சர்வீஸ் சென்டர் மலைக்குக் கீழே இருக்கும்!

இந்தப் பூட்டு தற்செயலானது இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. என்ன குற்றம்? ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும், ரிப்பேர் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது. அப்புறம் அப்பீல், ஸ்டே என்று வழக்கம்போல இழுத்தது. கம்பெனி செய்தால் கோர்ட்டில் வாய்தா உண்டு. பலா மரத்தடிக்கு வாய்தா கிடையாது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012லேயே ஓட்டுப் போட்டு, காரை ரிப்பேர் செய்யத் தேவையான தகவலை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஆக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் 2022 ஜூலையில் ஒரு கமிட்டி போட்டார்கள். டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணையதளம் திறந்தார்கள். செல்போன், டிராக்டர், கார் எல்லாம் அதில் உண்டு. சட்டம்? அதைத்தான் கேட்கிறேன். உரிமை என்று பெயர் வைத்த இணையதளத்தைக் காட்டி, ஸ்கேனர் கொடுங்கள் என்று எந்தக் கம்பெனி வாசலில் நின்று கேட்க முடியும்?

அரசாங்கத்திடம் நான் கேட்பது ஆடம்பரம் எதுவும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பிரேக் சோதிக்கும் கருவியையும் புகை மெஷினையும் ஒரு வேனில் ஏற்றி வெள்ளிமலைக்கு அனுப்புங்கள். பலா மரத்தடியில் செய்த வேலையை ஒரு தகுதியான ஆள் குனிந்து பார்க்கட்டும். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஆடுகிறதா, வெல்டிங் சேஸிஸில் கை வைத்திருக்கிறதா? வைத்திருந்தால் நிறுத்துங்கள், தாராளமாக. மழைக் கூண்டும் டேங்க் கவசமும் சின்னக் கட்டணத்தோடு ஆர்.சி.யில் ஏறட்டும். பத்து வண்டிக்காரருக்குக் காட்டும் நம்பிக்கையில் பத்தில் ஒரு பங்கை ஒரு வண்டிக்காரருக்கும் காட்டுங்கள்.

இதைப் படிக்கிற உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டு மிக்ஸி கடைசியாக எப்போது ரிப்பேருக்குப் போனது? 'அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்' என்று கடைக்காரர் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்தோமே, நீங்களும் நானும்! நமக்கு அது கட்டுப்படி ஆனது. அவருக்கு ஆகாது.

மாலை நான்கு மணிக்கு கியர்பாக்ஸ் மேலே ஏறி உட்கார்ந்தது. மகன் படுத்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினான். அப்பா அடியில் எட்டிப் பார்த்து ஒன்றை மட்டும் மறுபடி கழற்றி மாட்டச் சொன்னார். செல்ஃப் அடித்ததும் ஒரே உதறலில் எஞ்சின் எழுந்தது.

வண்டிக்கு அடுத்த எஃப்.சி. மார்ச்சில். அன்று காலை பலகைகள் கழற்றப்பட்டுத் திண்ணையில் சாய்த்து வைக்கப்படும். சாயங்காலம் திரும்ப மாட்டப்படும். மறுநாள் சந்தை.