மூன்றாவது மாடி கட்டலாமா?



உங்களில் பலர் மதுரைக்குப் போயிருப்பீர்கள். அங்கேயே பிறந்து வளர்கிறவர்களும் இருப்பீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும்போது ஒன்றைக் கவனித்ததுண்டா? நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஓட்டல் என்று எள் போட்டால் எள் விழாத இடம். ஒரு சதுர அடி நிலம் என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். ஆனாலும் சென்னையில் இருப்பதுபோல 15 மாடி, 20 மாடிக் கட்டடங்களை அங்கே பார்க்க முடியாது. ஏன்?

ஒரு விதிதான் காரணம். கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்பது அந்த விதி. ஒரு தளத்துக்கு 3 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அடி என்று வைத்துக்கொண்டால் தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் வரும். மூன்றாவது மாடிக்கு இடமில்லை.

'காலம் மாறிவிட்டது, இன்னும் கொஞ்சம் உயரமாகக் கட்ட விடுங்கள்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'கூடவே கூடாது' என்பவர்களும் இருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் கட்டி முடித்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். இந்த விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கிறது. பெரியவர்கள் சண்டை நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்று எழும்புகிற கட்டடம் ஐம்பது, அறுபது வருடம் நிற்கும். அதை அதிக நாள் பார்க்கப்போவது நீங்கள்தான்.

உயரம் கேட்பவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம். மாசி வீதிக்கு உள்ளே ஒரு சந்தில், ஒரு தாத்தாவுக்கு 2 சென்ட் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்ட் 435 சதுர அடி சொச்சம் என்று படித்திருப்பீர்கள். ஆக 870 சதுர அடி. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தளம் பிரித்துக் கொடுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆனால் எங்கே குடியிருப்பார்கள்? பக்கவாட்டில் தள்ளிக் கட்ட முடியாது, எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மேலேதான் போக வேண்டும். அங்கே விதி 'நில்' என்கிறது. அந்த 1 கிலோமீட்டர் கோட்டுக்கு வெளியே இருப்பவர் இன்னும் இரண்டு மாடி சேர்த்துக் கட்டி வாடகைக்கும் விடுகிறார். "ஊரே கோபுரம் பார்ப்பதற்கு நான் மட்டும் ஏன் மாடியை விட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று நம் தாத்தா கேட்டால், நம்மால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

இன்னொரு வாதமும் கனமானது. ஊர் மேலே வளரவில்லை என்றால் பக்கவாட்டில் வளரும். பக்கவாட்டில் என்ன இருக்கிறது? வயல், கண்மாய், தோப்பு. மதுரையில் தல்லாகுளம் என்று ஒரு பகுதி உண்டு. பெயரைக் கேட்டால் தண்ணீர் தளும்புகிற மாதிரி இருக்கும். போய்ப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வீடுகளும் கடைகளும் வாகனங்களும்தான். ஓர் ஏக்கரில் பத்து குடும்பம் தனித்தனி வீடு கட்டுவதைவிட, அதே ஓர் ஏக்கரில் நூறு குடும்பம் அடுக்குமாடியில் இருந்தால் ஒன்பது ஏக்கர் நிலம் மிஞ்சும். இது வாய்ப்பாடு தெரிந்த யாருக்கும் புரியும்.

அப்படியானால் விதியை எடுத்துவிடலாமே? பொறுங்கள். கோபுரத்தின் பக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம்.

கோயிலில் மொத்தம் 14 கோபுரங்கள். அவற்றில் உயரமானது தெற்குக் கோபுரம், ஏறக்குறைய 170 அடி. மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 52. '52 மீட்டர் கோபுரத்தை 12 மீட்டர் வீடு எப்படி மறைக்கும்? பாதி உயரம்கூட இல்லையே' என்று தோன்றுகிறதா? கட்டைவிரலை ஒரு கண்ணுக்கு நேரே பிடித்து, மறு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்துத் தென்னை மரத்தைப் பாருங்கள். மரம் காணாமல் போய்விடும்! விரல் மரத்தைவிடப் பெரியதா என்ன? கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் நோட்டை எடுங்கள். கோபுரத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். உங்கள் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணிலிருந்து கோபுரத்தின் உச்சிக்கு ஒரு நேர்கோடு இழுங்கள். உங்களுக்கு முன்னால் 80 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது? வடிவொத்த முக்கோணங்களை வைத்துக் கணக்குப் போட்டால் 11.4 மீட்டர் வரும். அந்த இடத்தில் ஒரு வீடு 9 மீட்டரோடு நின்றால் கோபுரத்தின் மேல்பகுதி தெரியும். இன்னும் ஒரே ஒரு மாடி ஏற்றி 12 மீட்டர் ஆக்கினால் கலசமும் தெரியாது. ஒரு மாடிதானே என்று விட முடியாததற்கு இதுதான் காரணம். அவருக்கு ஒரு மாடி கொடுத்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் கொடுக்க வேண்டும், எதிர்வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். கடைசியில் கோபுரம் அதே இடத்தில் நிற்கும். கோயில் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும்.

மதுரையின் தெருக்களே கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகப் போடப்பட்டவை. கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. (சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று உங்கள் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள். திருமலை நாயக்கர் காலத்தில் திருவிழா மாதம் மாறிய கதையைச் சொல்வார்கள்.) பழையது எதையுமே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுரையைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 19-ம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் அவற்றை அகற்றியதால்தான் ஊர் மூச்சு விட்டு வளர்ந்தது. அவர் நினைவாக நட்ட விளக்குத்தூண் இன்றும் இருக்கிறது. அன்று இடித்ததால் ஊருக்கு இடம் கிடைத்தது. இன்று அதே பழைய ஊருக்குள் உயர்த்திக் கட்டினால் இடம் கிடைக்குமா, நெரிசல் கூடுமா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நெரிசல்தான் கூடும் என்பது என் கருத்து. மாடி கூடும்போது தெரு அகலமாகாது. மூன்று குடும்பம் இருந்த வீட்டில் ஆறு குடும்பம் வந்தால் மோட்டார் சைக்கிள் ஆறு வரும், குப்பை இரண்டு மடங்கு வரும், கழிவுநீர் அதே பழைய குழாயில் போக வேண்டும். குடிநீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைகையில் வருடத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்பது மதுரைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்துவது நெருப்பு. 2020-ம் ஆண்டு தீபாவளி சமயத்தில் இதே பகுதியில், நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மீது பழைய கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு பேர் உயிரிழந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் தீபாவளி, அவர்கள் வீட்டில் இழவு. பத்து மாடிக் கட்டடமே இல்லாத தெருவில் இந்தக் கதி. உயரமான கட்டடத்தில் தீப்பிடித்தால் நீண்ட ஏணி பொருத்திய வண்டி வர வேண்டும். அந்த வண்டி திரும்ப வேண்டும், நான்கு பக்கமும் கால் ஊன்றி நிற்க வேண்டும். ஆட்டோவே ஒதுங்கி ஒதுங்கிப் போகிற சந்தில் அது எங்கே நிற்கும்?

ஆகவே, வெளி வீதிக்கு உள்ளே உயரத்தைக் கூட்ட வேண்டாம். ஆனால் மதுரை முழுவதும் குட்டையாகவே இருக்க வேண்டும் என்பதும் சரியில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? தரைத்தளத்துக்கு மேல் ஆறு மாடி. அகலமான சாலை, சுற்றிலும் இடம், யாருடைய கோபுரத்தையும் மறைக்கவில்லை. மாட்டுத்தாவணி பக்கம், சுற்றுச்சாலைப் பக்கம் இப்படி உயரட்டும். வயலையும் கண்மாயையும் தின்னாமல், ஏற்கெனவே மனைகளாகிவிட்ட இடங்களில் உயரட்டும்.

ஜப்பானில் கியோட்டோ என்று ஒரு நகரம் இருக்கிறது. பழைய தலைநகரம், தெருவுக்குத் தெரு கோயில். மக்கள்தொகையும் மதுரையைப் போல 14 லட்சத்தைத் தாண்டும். அங்கே தோஜி என்ற கோயிலில் மரத்தால் ஆன ஐந்தடுக்குக் கோபுரம் சுமார் 55 மீட்டர் உயரம், நம் தெற்குக் கோபுரத்தின் அண்ணன் என்று சொல்லலாம். 2007-ல் அந்த நகரம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. நகர நடுவில் 45 மீட்டர் வரை கட்டலாம் என்று இருந்ததை 31 மீட்டராகக் குறைத்தது. ஊர் அழகு காப்பாற்றப்பட்டது. ஆனால் வீட்டு விலை ஏறி, இளம் குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்குக் குடிபெயர ஆரம்பித்தன. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத ஊர் எப்படி இருக்கும், சொல்லுங்கள்! அதனால் 2023-ல், பழைய நடுப்பகுதியை விட்டுவிட்டு, ரயில் நிலையத்துக்குத் தெற்கே உள்ள பகுதி போன்ற சில இடங்களில் உயர வரம்பைத் தளர்த்தினார்கள். இதைத்தான் நாமும் செய்யலாம்.

நம் 2 சென்ட் தாத்தாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டுக் கோபுரத்தின் அழகைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்கு மும்பையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஒருவரால் உயர்த்திக் கட்ட முடியவில்லை என்றால், அவர் கட்டாமல் விட்ட பரப்புக்கு ஒரு சான்றிதழ் தருகிறார்கள். வேறு பகுதியில் கட்டுகிறவர் அதை விலைக்கு வாங்கி, தன் கட்டடத்தில் அந்த அளவு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். அதாவது, கட்டாத மாடியைக் காசாக்கலாம்! மாட்டுத்தாவணியில் பெரிய கட்டடம் எழுப்புகிற நிறுவனம் கூடுதல் மாடி வேண்டும் என்று கேட்டால், மாசி வீதித் தாத்தாவிடமிருந்து அந்த உரிமையை வாங்கி வரச் சொல்லலாம். அந்தப் பணத்தில் பேரனுக்கு வேறு இடத்தில் ஒரு வீடு கிடைக்கலாம்.

கூடவே இன்னொன்றும் நடக்க வேண்டும். விதியை மதித்து இரண்டு மாடியோடு நிறுத்தியவர் ஏமாளி, மீறி ஐந்து மாடி கட்டியவர் கெட்டிக்காரர் என்ற நிலை இருக்கும்வரை யாரும் இதை மதிக்கப் போவதில்லை. வகுப்பில் ஒருவன் மட்டும் காப்பியடித்து முதல் மதிப்பெண் வாங்கினால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அதிகாரிகள் வர வேண்டியது கட்டடம் எழும்பும்போது. கிரகப்பிரவேசம் முடிந்து பத்து வருடம் கழித்து அல்ல.

இந்த இரண்டும் ஒழுங்காக நடக்காதவரை, ஊர் முழுவதும் கண்டு மகிழ்கிற கோபுரத்துக்கான செலவை அந்த 1 கிலோமீட்டருக்குள் இருக்கிற சின்ன வீட்டுக்காரர்கள்தான் தனியாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.