பக்குவம் அறிந்து காட்டுதல்

தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. வேங்கடராம சாஸ்திரிகள் இயற்றிய பிரகலாத சரித்திரம் இரவில் நடிக்கப்பெறும். பெற்ற தந்தையே மகனைக் கொல்லத் துணிவதும், தூணிலிருந்து சிங்கமுகப் பெருமான் சீறி வெளிப்படுவதும் பெரியவர்களையே நடுங்கச் செய்யும். ஆயினும் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளும் அதைக் கண்டே வளர்ந்தனர். “பயப்படாதே, குழந்தையைக் காப்பாற்ற வந்த சுவாமி” என்று காதோடு சொல்ல அருகில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்ததே அதற்குக் காரணம்.

கேட்போரின் பக்குவம் அறிந்தே எதையும் வழங்க வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் படிகள் வகுத்ததும், வேதாந்தம் அதிகாரி பேதம் பேசியதும் அதனாலேயே. திரைப்படங்களுக்கு வயது வாரியாகச் சான்றிதழ் வழங்கும் முறையிலும் இதன் சாயலைக் காணலாம்.

1918-ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்து, 1920-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. இன்றும் நடைமுறையில் இருப்பது 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். நெடுங்காலம் அனைவருக்கும் உரிய ‘யு’, வயது வந்தோர்க்கு மட்டும் உரிய ‘ஏ’ என இரு பிரிவுகளே இருந்தன. 1983-இல் இவ்விரண்டுக்கும் இடையே ‘யுஏ’ பிறந்தது. 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆறு வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் ஒன்றல்லவே! ஆகவே 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ‘யுஏ’ பிரிவை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘ஏ’ படத்திற்குச் சிறுவரை அனுமதியாமல் தடுப்பது திரையரங்கின் கடமை. ‘யுஏ’வை ஒட்டி வரும் எண்ணோ பெற்றோருக்கும் காப்பாளருக்கும் உரிய வழிகாட்டி மட்டுமே, அவர்களையன்றி வேறெவரும் அதை நிறைவேற்ற இயலாதென்று சட்டமே சொல்லிவிட்டது. டிக்கெட் கிழிப்பவர் தடுப்பார் என்று எவரும் வாளா இருத்தல் கூடாது. வங்கியில் சிறு பிள்ளையின் கணக்கிற்குக் காப்பாளர் கையொப்பமிடுவது போன்ற பொறுப்பு இது.

சான்றிதழின் எழுத்தை மட்டும் நம்பி நிம்மதி அடைவதும் தகாது. தமிழகத்தில் 2006 முதல் தமிழ்ப் பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. 2011-இல் ‘யு’ சான்றிதழும் பெற்றிருக்க வேண்டுமென்ற நிபந்தனை சேர்ந்தது. பெரும் தொகை அந்த ஓரெழுத்தைச் சார்ந்து நின்றமையால், அடிதடி மிகுந்த படங்களுக்கும் சில காட்சிகளை வெட்டியேனும் ‘யு’ பெற்றுவிடத் தயாரிப்பாளர்கள் முனைந்தனர். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து நிலைமை மாறியது. பழைய படம் ஒன்றில் ‘யு’ என்று கண்டால் இதையும் நினைவிற் கொள்ளல் நலம்.

இன்று திரையரங்கைவிட உள்ளங்கையிலிருக்கும் கைபேசியே பெரிய கொட்டகை. இணையவழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் 2021-ஆம் ஆண்டு விதிகள் இதே வயதுப் பிரிவுகளை வகுத்துள்ளன. 13 வயதுப் பிரிவு முதல் பெற்றோர் பூட்டு வசதி இருந்தாக வேண்டும். கைபேசி விளையாட்டுகளோ தணிக்கை வாரியத்தின் முன் வருவதில்லை. பதிவிறக்கும் இடத்தில் பெயரோடு காணப்படும் வயது எண்ணை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடை விடுமுறையில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரன் பேத்திகள் கும்பகோணத்திற்கும் மாயவரத்திற்கும் வந்து இறங்குவர். பெற்றோர் இரண்டு நாளில் பணிக்குத் திரும்பியதும், காப்பாளர் என்று சட்டம் சொல்லும் இடத்தில் தாத்தாவும் பாட்டியுமே நிற்கின்றனர். ஊர் திரும்புமுன் மகனையோ மருமகளையோ கைபேசியில் அந்தப் பூட்டைப் போட்டுத் தரச் சொல்லலாம். படத்திற்கு அழைத்துச் செல்லுமுன் சுவரொட்டியில் எழுத்தையும் எண்ணையும் பார்க்கலாம். வேண்டாம் என்று மறுத்தால் காரணத்தையும் சொல்லுதல் வேண்டும். காரணமறியாத தடை ஒளிந்து பார்க்கவே தூண்டும்.

தொலைக்காட்சித் தொடர்கள் எந்தச் சான்றிதழும் பெறாமலே வீட்டுக்குள் வருகின்றன. மருமகள் பாலில் விஷம் கலக்கும் காட்சியைப் பாட்டி கண்கொட்டாமல் காண்கையில், அருகில் ஆறு வயதுப் பேத்தியும் அமர்ந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டுப் பெரியவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.