"வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கோங்கம்மா"

ஒரகடத்தில் நான் தங்கியிருக்கும் லைன் வீட்டில், பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்கு எட்டு வயதில் ஒரு பையன். மூளை முடக்குவாதம். நடக்க முடியாது, கழுத்து சரியாக நிற்காது, பேச்சும் வராது. ஆனால் நான் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டால் போதும், சிரிப்பான். அண்ணனுக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, வாரம் ஒரு ஷிப்ட். பிழைக்க வந்த ஊர் என்பதால் பாட்டி, அத்தை என்று கைமாற்ற ஆள் கிடையாது.

ஜூன் மாதம் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். (எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பெயரை மாற்றினாலும் கதை மாறாது!) தலைமையாசிரியர் மரியாதையாக உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு சொன்னார்: "எதுக்கும்மா கஷ்டப்படுறீங்க? பேரை எழுதிக்கறேன். டீச்சர் வீட்டுக்கு வருவாங்க. நீங்க வீட்டிலேயே வச்சுப் பாத்துக்கோங்க."

பேரை எழுதினார். பதிவேட்டில் பையன் இருக்கிறான், வகுப்பில் இல்லை. டீச்சர் நாலு மாதத்தில் மூன்று முறை வந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. எத்தனை வீடுகளுக்குத்தான் ஒருவர் ஓடுவார்?

ஆனால் அந்த "வீட்டிலேயே" என்ற வார்த்தை இருக்கிறதே, அது பச்சை ஏமாற்று. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே படிப்பதையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கவனியுங்கள், தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தைக்கு. பள்ளிக்கு அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள, 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில், இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. குழந்தைக்குக் கொடுத்த கதவை எடுத்து, குழந்தையின் முகத்திலேயே சாத்துகிறார்கள்!

"ஒரு டீச்சர் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவனையும் எப்படிப் பார்ப்பார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை அக்காவிடம் ஏன் கேட்கிறீர்கள்? 2022-இல் மத்திய அரசே ஆரம்ப வகுப்புகளில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்லிவிட்டது. ஆள் இல்லை என்றால் அரசிடம் கேட்க வேண்டியவர் தலைமையாசிரியர். அந்தக் கடிதத்தை எழுதுவதை விட ஒரு தாயைத் திருப்பி அனுப்புவது சுலபம், அவ்வளவுதான்.

"முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கே, அங்கே போகலாமே?" 2005-இலிருந்து இருக்கிறது, பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே தொடங்கியது. ஆனால் எட்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்து தினமும் பஸ் மாறி மாறிப் போய்ப் பாருங்கள், தெரியும்.

இதே சாலையில் நைட் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற ஏசி பஸ் தெருமுனை வரை வருகிறது. மில்லிமீட்டர் பிசகாமல் கார் செய்யும் ஊர் இது. ஒரு பள்ளிக்குச் சாய்வுதளம், ஒரு கழிப்பறை, ஒரு வேன், ஒரு ஆயா முடியாதா? கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிறப்புக் கல்வி என்ற வார்த்தையே இருக்கிறது. நான் பார்ப்பதெல்லாம் சுவருக்குப் பெயிண்டும் லோகோவும்தான்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறொன்று. "நீ தெய்வம்மா, உனக்குத்தான் இந்தப் பொறுமை வரும்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். தெய்வமாக்கிவிட்டால் உதவி செய்ய வேண்டியதில்லை பாருங்கள். அக்காவுக்குத் தெய்வமாக ஆசையில்லை. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை பையன் பள்ளியில் இருந்தால் ஒரு வேலைக்குப் போகலாம், அல்லது தூங்கலாம். அவ்வளவுதான் அவர் கேட்பது.

இந்த உரிமைகள் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தவை அல்ல. 1971-இல் பென்சில்வேனியாவில் இப்படிப்பட்ட பெற்றோர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1975-இல் அமெரிக்கா முழுமைக்கும் சட்டம் வந்தது. நம் சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் என்ற தாய் ஆரம்பித்ததுதான் இன்றைய வித்யாசாகர்.

எனவே இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு: வாய்வார்த்தையை நம்பாதீர்கள். சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். துணையாள் படி, போக்குவரத்துப் படி எல்லாம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உண்டு, விடாமல் கேளுங்கள். நடக்கவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு.

அக்காவும் நானும் வருகிற திங்கட்கிழமை காஞ்சிபுரம் போகிறோம். பையனும் வருகிறான். அவனை நேரில் பார்த்துவிட்டு, "வீட்டிலேயே வச்சுக்கோங்க" என்று எழுத்தில் கொடுக்கட்டும், பார்ப்போம்.