காருக்குள் கர்ப்பக்கிரகம்

மயிலாடும்பாறை வழியாய் வருசநாட்டுக்கு ஓடும் கார்களுக்குள் சற்று எட்டிப் பாருங்கள். முன்பலகைமேல் சாமி பொம்மை, இருக்கைக்குத் தடித்த உறை. கேட்டால் ஒன்று பாதுகாப்பாம், மற்றது அந்தஸ்தாம்!

2019 ஜூலை முதல் ஓட்டுகிறவருக்கும், 2022 ஜனவரி முதல் பக்கத்திலிருப்பவருக்கும் காற்றுப்பை இல்லாமல் புதுக்கார் செய்யக்கூடாதென்பது சட்டம். பக்கத்திலிருப்பவருக்கான பை அந்த முன்பலகைக்குள்ளேதான் மடிந்திருக்கிறது. வண்டி மோதினால் கண்மூடித் திறக்குமுன் அது பலகையைப் பிளந்துகொண்டு விரியும். அப்போது மேலே ஒட்டியிருக்கும் சாமி எங்கே போவார்? நம் மூஞ்சிக்குத்தான் வருவார்! இருக்கையின் விலாவில் பை வைத்த கார்களிலோ, காசு கொடுத்துத் தைத்த உறையே அதை விரியவொட்டாமல் தடுக்கும்.

இவ்வளவு அலங்காரம் செய்கிற அய்யா, இருக்கை வாரை மட்டும் மாட்டமாட்டார். கத்துகிற மணியை ஏமாற்ற வெறுங்கொக்கியை வாங்கிச் செருகுவார். (மணியைத்தான் ஏமாற்றலாம்!) இக்கொக்கியை விற்காதீர்களென்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகளுக்கு உத்தரவிட்டது. பொம்மையோடு அதையும் இன்றைக்கே கழற்றுங்கள்.