களைப்பை உண்டாக்கியவன் ஒருவன், மருந்து விற்பவன் இன்னொருவன்!



இன்று கைபேசியைத் திறந்தால் தூக்கத்தை விற்கிறார்கள். சிரித்த முகத்தோடு உறங்கும் ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் ஒரு டப்பா. உள்ளே மெலடோனின் என்றும் அமுக்கிராக் கிழங்கு என்றும் பெயர் போட்ட மிட்டாய். இரவு ஒன்று தின்றால் காலையில் புதுத் தெம்போடு வேலைக்குப் போகலாமாம். வேலைக்குப் போவதற்காகத்தான் நாம் தூங்க வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்!

நமக்கு ஏன் களைப்பு? 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை இழுத்து மூடினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பொன் தோண்டியவர்களின் பிள்ளைகள் இன்று பிழைப்புக்காகப் பெங்களூருக்கு ஓடுகிறார்கள். விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயில் ஏறி, சுமார் நூறு கிலோமீட்டர் போய், நாள் முழுதும் உழைத்து, மறுபடி நூறு கிலோமீட்டர் திரும்பி, இருட்டிய பிறகு வீடு சேருகிறார்கள். இவர்களுக்குக் குறைவது மெலடோனினா? நேரமா?

களைப்பை நோயாக்கிக் காசு பார்ப்பது புதிய தந்திரமல்ல. 1930-களில் இங்கிலாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, ஹார்லிக்ஸ் விளம்பரங்கள் 'இரவுப் பட்டினி' என்றொரு நோயைப் பெற்றெடுத்தன. காலையில் சோர்ந்து எழுகிறவன் படுக்குமுன் ஹார்லிக்ஸ் குடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். கூலி போதுமா என்று எந்த விளம்பரமும் கேட்கவில்லை.

அடுத்து வந்தது பெருங்கொடுமை. 1957-இல் மேற்கு ஜெர்மனியின் குருனெந்தால் கம்பெனி தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆபத்தே இல்லாதது என்று விளம்பரம் செய்து, டாக்டர் சீட்டுக்கூட இல்லாமல் விற்றது. பிரிட்டனில் அதை விற்றது யார்? டிஸ்டில்லர்ஸ் என்ற சாராயக் கம்பெனி! தூங்குவதற்காகவும் மசக்கை வாந்தி நிற்பதற்காகவும் அதை விழுங்கிய தாய்மார்களுக்குக் கையும் காலும் குறைந்த குழந்தைகள் பிறந்தன. உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள்! 1961-இன் கடைசியில்தான் ஜெர்மனியில் அந்த மாத்திரையை நிறுத்தினார்கள்.

நம் நாட்டில் அல்பிரசோலம், டயசிபாம், சோல்பிடம் போன்ற மாத்திரைகள் 2014 முதல் எச்-1 பட்டியலில் உள்ளன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். எனவே மாத்திரையை விளம்பரத்தில் கூவி விற்க முடியாதவர்கள் மிட்டாயைக் கூவுகிறார்கள். அந்த மிட்டாயின் லட்சணம் என்ன? அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை!

அதே 2023-இல் கர்நாடகச் சட்டமன்றம் என்ன செய்தது? தொழிற்சாலையில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்து சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் அவ்வாண்டு ஏப்ரலில் அப்படியொரு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழவே அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஓய்வைக் காப்பாற்றியது மிட்டாயா, சங்கமா? 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியதும் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளர்களின் நினைவாகத்தானே!

தோழர்களே, உண்மையிலேயே தூக்கம் கெட்டவர்கள் டாக்டரிடம் போங்கள், அதில் வெட்கமில்லை. பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். வெகுநாளாய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரைக் கேட்டு மெல்லக் குறையுங்கள். ஆனால் பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கும் நான்கு மணி நேரப் பயணத்துக்கும் எந்த மருந்துக் கடையிலும் மருந்து இல்லை. தங்கவயலிலேயே வேலை வேண்டும். உட்கார்ந்து போக ரயில் வேண்டும். மிகை நேரத்துக்கு இருமடங்கு கூலி வேண்டும். எட்டு மணி நேரத்துக்குமேல் வேலை செய்ய மறுக்கும் உரிமை வேண்டும்!

தூக்கம் கடைச் சரக்கல்ல, நம் உரிமை. அதைக் காசு கொடுத்து வாங்க மாட்டோம், கூடிநின்று பெறுவோம்!