பழைய வெர்ஷனா, புதுசா?

பகலில் ஆபீஸ், ராத்திரி ஹெட்போன் என்று திரியும் காரைக்குடி இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'சார், மியூசிக் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு மாத்தலாமா?'

ஊர்க்காரர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் புதுசுக்கு அஞ்சாதவர். 1938-லேயே 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டை முயன்று பார்த்தார். தேவகோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு எடுத்த 'நாம் இருவர்' 1947-ல் வந்தது. அவருக்கு ஒரு சௌகரியம்: ஒலிப்பதிவு மெஷினுக்கு 'அப்டேட்' வராது.

நமக்கு வரும். 2002-ல் ஆப்பிள், எமாஜிக் கம்பெனியை வாங்கியதும் லாஜிக் சாஃப்ட்வேருக்கு விண்டோஸ் வாசல் அடைபட்டது. 2019-ல் மேக்கில் 'கேடலினா' ஏற்றியவர்களுக்கு, 32-பிட் மட்டுமே தெரிந்த ப்ளக்-இன்கள் ஊமையாயின. உங்கள் நாதஸ்வரம் அதில் இருந்தால்? கல்யாண வீட்டில் மேளக்காரர் பாதியில் எழுந்து போன கதைதான்!

அப்போ பழசே போதுமா? அதுவும் இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் நாளில் பழசு பல்லை இளிக்கும்.

கையிலுள்ள பாட்டை முடிக்கும்வரை மாறாதீர்கள். முடித்ததும் குரல், தவில், வயலின் ஒவ்வொன்றையும் தனித்தனி வேவ் ஃபைலாக, முதல் விநாடியிலிருந்தே எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். அப்புறம் புதுசை ஏற்றுங்கள், பழசை அழிக்காதீர்கள். புதுசில் சேமித்ததைப் பழசு பெரும்பாலும் திறக்காது. எனவே காப்பி எடுத்துத் திறங்கள்.

வீட்டு நிலைக்கதவை விற்றவர்கள், பிறகு முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் அதே மாதிரிக் கதவுக்கு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைந்த பாட்டுக்கு அந்தக் கடையும் கிடையாது!