சங்கிலியும் சான்றிதழும்: சியரா லியோனின் உளநலத் தாதியர்

போர் முடிந்ததென்ற அறிவித்தல் வெளியாகும் நாளிலிருந்து அந்நாட்டைப் பற்றிய செய்திகள் உலகப் பத்திரிகைகளிலிருந்து மறையத் தொடங்குகின்றன. உளநோய்க்கு வைத்தியம் பார்ப்போரின் வேலையோ அன்றுதான் பெருகத் தொடங்குகின்றது. இதனை எமது வாசகர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முகாம்களிலும், குடிவரவு அலுவலக வாசல்களிலும், உறக்கமற்ற இரவுகளிலும் நாம் அதனை அறிந்துகொண்டவர்கள். எனினும், இங்கு நாம் பேச விழைவது எம்மைப் போன்றே நீண்ட போரைக் கண்ட வேறொரு மக்களைப் பற்றியதாகும்.

மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோனில் 1991 இல் மூண்ட போர் 2002 இல் ஓய்ந்தது. கைகள் வெட்டப்பட்டோரும், சிறுவயதிலேயே துப்பாக்கி ஏந்தவைக்கப்பட்டோரும் ஊர் திரும்பினர். அவர்களுக்கென்று நாட்டில் இருந்ததோ ஒரேயொரு உளநோய் வைத்தியசாலை. தலைநகர் பிறீரவுணின் கிழக்கே, கிஸ்ஸி என்னுமிடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானிய ஆட்சியாளர் அமைத்தது அது. சாதாரண மக்கள் அதனைத் தமது கிறியோல் மொழியில் 'கிறேஸ் யார்ட்' என்பர். பைத்தியக்கார வளவு என்று பொருள். அங்கு நோயாளரைச் சங்கிலியால் பிணைக்கும் வழக்கம் மிக அண்மைக்காலம்வரை தொடர்ந்தது. நாட்டின் உளநோய்ச் சட்டம் 1902 ஆம் ஆண்டுக்குரியதாக இருந்தது. முழு நாட்டுக்கும் நெடுங்காலமாக ஒரேயொரு உளநோய் வைத்திய நிபுணரே இருந்தார்.

சங்கிலியைக் கண்டு அதிர்ச்சியடைவது எளிது. ஆனால் இரவில் முப்பது, நாற்பது பேரைத் தனியே பார்க்கவேண்டிய தாதிக்கு, மருந்தும் இல்லை, உதவிக்கு ஆளும் இல்லை, கொந்தளிக்கும் ஒருவரை எவ்வாறு அணுகுவதென்று எவரும் கற்பித்ததும் இல்லை என்றால், அவர் கையில் எஞ்சுவது எது? கொடுமையின் கணிசமான பகுதி பயிற்சியின்மையிலிருந்து பிறக்கின்றது.

2012 இல் அந்நாடு உளநலக் கொள்கையொன்றை வகுத்தது. அதே காலப்பகுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன், பிறீரவுணிலுள்ள மருத்துவக் கல்லூரியில் சுமார் இருபது தாதியருக்கு உளநோய்த் தாதியத்தில் டிப்ளோமாப் பயிற்சி அளிக்கப்பட்டது. பட்டணத்துப் பெரிய வைத்தியசாலையில் அவர்களை ஒன்றாக வைத்திருப்பதல்ல நோக்கம். மாவட்டத்திற்கு ஒருவர் இருவராக அனுப்பி, அங்குள்ள பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகளை அமைப்பதே திட்டம். வைத்தியர் இல்லாத இடத்தில் நோயைக் கண்டறிபவரும், மருந்து கொடுப்பவரும், குடும்பத்தாருக்கு விளக்கம் கூறுபவரும் தாதியே. நிபுணர்கள் பெருகும்வரை காத்திருக்க முடியாத நாட்டில் இதைவிடப் பொருத்தமான வழி எமக்குத் தெரியவில்லை.

அவர்கள் ஊன்றிக்கொள்வதற்கு முன்னரே, 2014 இல் எபோலா வந்தது. ஏறத்தாழ நான்காயிரம் பேர் சியரா லியோனில் மாண்டனர். உறவினரின் உடலைத் தொட்டு அழுது அடக்கம் செய்யவும் அனுமதியில்லை. 2017 ஓகஸ்டில் பிறீரவுணில் மலைச்சரிவு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. இரு வேளைகளிலும் துயருற்றோரிடம் சென்றவர்களுள் இத்தாதியரும் இருந்தனர். ஆக, பயிற்சி வீண்போகவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. இத்தாதியரிடம் வந்தோரில் பெருமளவினர் வலிப்பு நோயாளர். மலிவான மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது. அந்த மாத்திரையே பல வேளைகளில் வைத்தியசாலையில் இருக்காது, அல்லது நோயாளி காசு கொடுத்து வாங்கவேண்டும். கிராமங்களுக்குச் செல்லப் போக்குவரத்து வசதி இல்லை. பொது விடுதியில் ஆள் குறைந்தால் உளநலத் தாதியே முதலில் அங்கு இழுக்கப்படுவார். சந்தேகம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் எவரும் இல்லை.

ஆழிப்பேரலைக்குப் பின்னர், நாம் விரிவுரையாளராகப் பணியாற்றிய காலத்தில், வெளிநாட்டு நிபுணர்கள் மூன்று நாட் பட்டறைகளை நடத்திச் செல்வதைக் கண்டிருக்கிறோம். இறுதிநாளில் சான்றிதழ், புகைப்படம், மதிய போசனம். பங்குபற்றியோர் தொகை அறிக்கையில் ஏறும். ஆறு மாதத்தின் பின் அவர்களுள் எத்தனை பேர் நோயாளர்களைப் பார்க்கின்றனர் என்று கேட்டு எவரும் திரும்பி வந்ததாக எமக்கு நினைவில்லை. (மதிய போசனம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் போர்க்காலத்தில் சென்ற வழி வேறு. ஆசிரியர், கிராம மட்ட ஊழியர் ஆகியோரைப் பயிற்றி, தொடர்ந்து அவர்களுடனேயே அவர்கள் நின்றனர். கைவிடப்படாத பயிற்சிக்கு எமது மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு.

சியரா லியோனில் நிலைமை முற்றாக இருண்டதல்ல. 2018 அளவில் கிஸ்ஸி வைத்தியசாலை புனரமைக்கப்பட்டு, சங்கிலிகள் அகற்றப்பட்டன. மருந்தும் மின்சாரமும் தண்ணீரும் வந்தன. தாதியர் மீளப் பயிற்றப்பட்டனர். இவை யாவும் ஒருசேர நடந்ததனாலேயே சங்கிலி போனது என்பதே எமது கணிப்பு. பயிற்சி மட்டும் வந்திருப்பின் அது சுவரில் தொங்கும் கடதாசியாகவே இருந்திருக்கும்.

இன்னுமொரு விடயம் நாம் வாழும் நாடுகளைச் சார்ந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் வெளியிட்ட கணக்கின்படி, வறிய நாடுகளில் இலட்சம் பேருக்கு உளநலப் பணியாளர் இருவர்கூட இல்லை; செல்வந்த நாடுகளில் அறுபதுக்கு மேல். அப்படியிருந்தும் ஆள் போதாதென்று வறிய நாடுகளில் பயின்ற தாதியரைச் செல்வந்த நாடுகளே அழைத்துக்கொள்கின்றன. 2010 இல் இதற்கென ஓர் ஒழுக்கக்கோவையை உலக நாடுகள் ஏற்றன. முனைப்பான ஆட்சேர்ப்பைத் தவிர்க்கவேண்டிய நாடுகளின் பட்டியலில், 2023 இல், சியரா லியோன் உட்பட 55 நாடுகள் இருந்தன. ஆனால் தாதியொருவர் தாமாக விண்ணப்பித்தால் அதற்குத் தடையில்லை. இருக்கவும் கூடாது, எல்லைகளைக் கடந்து வந்த நாம் இன்னொருவரின் பயணத்தைக் குறைகூற உரித்துடையோர் அல்லர். பயிற்றிய நாட்டுக்கு அச்செலவைத் திருப்பிக் கொடுக்கும்படி அழைத்துக்கொண்ட நாட்டைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் அக்கோவையில் இல்லை.